மருதையண்ணன் எடுத்த பெரட்டு

மருதையண்ணன் இறந்த செய்தி வந்தபோது மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். தம்பி குணா கைப்பேசியோடு வந்து நின்றான். "அக்கா, அண்ணன் போய்ட்டாரு. இனிமே நான் யாருன்னு யாருக்குத் தெரியும்?"

அவரை அறிந்த எங்கள் புந்தோங் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கேள்வி புரியும். மற்றவர்களுக்காக, பிள்ளை தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன்.

ஊரே அண்ணன் என்று கூப்பிட்ட அவரும் ஒரு காலத்தில் போதை ஊசி போட்டவர்தான். விட்ட பிறகு, இன்னும் ஊசி போடுகிற ஆட்களிடம் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதியது கொடுப்பார். ஹெப்படைட்டிஸ் சி சோதனைக்கு இரத்தம் கொடுக்க வைப்பார். கண் மஞ்சளாக இல்லையே என்று நழுவுகிறவர்களிடம், "என் கண்ணும் வெள்ளையாத்தான் இருந்துச்சு. ஈரல்தான் கல்லாப் போச்சு லா" என்பார். மருந்து அவர் கிருமியைக் கொன்றது. ஆனால் காலம் கடந்திருந்தது. ஈரலில் புற்றுநோய் வந்துவிட்டது.

ஊசிப் பழக்கத்தில் வீட்டைவிட்டுப் போன குணாவைத் தேடி ஒரு மாலை அவரோடு கைவிடப்பட்ட ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். வரிசையாக நின்ற கூரையில்லாத லயத்து வீடுகளுக்குள் செடி முளைத்திருந்தது. அண்ணன் முன்னால் நின்று பெரட்டு எடுத்தார். தோட்டத்தில் விடிகாலையில் வேலையாட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களே, அதேபோல.

"முனியாண்டி."

"இருக்கேன்." ஆள் தெரியவில்லை. சுவரே பேசியது போலிருந்தது. முனியாண்டியின் சாவு வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "சொந்தப் பேரு கொடுத்தா போலீஸ் வரும்னு பயம். செத்தவனத் தேடி யார் வருவா?" பிறகு நிமிர்ந்து, "தேவன்" என்றார்.

தேவன் குணாவின் கூட்டாளி. அவனை எரித்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

"இருக்கேன்" என்றது என் தம்பியின் குரல்.

அன்று குணாவிடம் எடுத்த இரத்தத்தில் கிருமி இருந்தது. சீட்டில் தேவனின் பெயர். கிளினிக்கில் இருந்து தேவனின் அம்மாவைக் கூப்பிட்டு, மகனைச் சிகிச்சைக்கு அழைத்து வரச் சொன்னார்களாம். அந்த அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "எம்மவன் இருக்கானாம்ல?" என்று கேட்டார். முகத்தில் சிரிப்பு.

அண்ணன்தான் வந்து அவரிடம் உண்மையைச் சொன்னார். ஆட்கள் இரத்தம் கொடுத்தால் போதும் என்று பொய்ப் பெயர்களைத் தான் அனுமதித்ததாக ஒப்புக்கொண்டார். "தப்பு என்னோடதும்மா." அன்றே குணாவை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தார்.

மாத்திரைக்குச் சொந்த அடையாள அட்டை வேண்டும். குணா மாதக்கணக்கில் தட்டிக்கழித்தான். அண்ணன் வற்புறுத்தாமல், வாரம் தவறாமல் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நான் அவன் தட்டையும் டம்ளரையும்கூட ஒதுக்கினேன். அதில் கிருமி ஒட்டாது, பிளேடையும் நகவெட்டியையும் தனியாக வை என்று அண்ணன் என்னைக் கண்டித்தார். எந்தச் செத்தவன் பெயரில் எந்த உயிர் ஒளிந்திருக்கிறது என்பது அவர் தலைக்குள் மட்டுமே இருந்தது. அதையும் சேர்த்து எரித்துவிட்டோம்.

அண்ணனை எரித்த மறுநாள் குணாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். கவுண்டரில் பெயர் கேட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். என் நாக்கு நுனியில் பெயர் இருந்தது, சொல்லவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. வெகுநேரம் கழித்துச் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து அவனே வைத்தான்.

கிருமி ஒட்டுமோ என்ற என் பயம் போகவில்லை. ஆனால் அண்ணனிடமிருந்து ஒன்றை வைத்துக்கொண்டேன்: ஒருவன் தானாக முன்வரும்வரை, அவன் பக்கத்திலிருந்து நகராமல் நிற்பது.