தண்ணீர்க்காரர் வீட்டுக் குழாய்

சொட்டு டீச்சர் வீடு எது என்று கேட்டால் அந்த வட்டாரத்தில் சின்னக் குழந்தைகூட வழிகாட்டும். உண்மையில் அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் டீச்சர் இல்லை. ஒழுகுகிற குழாய்க்குக் கீழே ஒரு டம்ளரை வைப்பாள். அது நிரம்பும்வரை எதிரே இருக்கும் பெண்களைப் பேசவிடுவாள். நிரம்பியதும், "பாத்தீங்களா? நீங்க ஊர் வம்பு பேசி முடிக்கறதுக்குள்ள ஒரு ஆளோட தாகத்துக்கான தண்ணி போயிடுச்சு" என்பாள். அதுதான் அவளுடைய முதல் பாடம். பட்டப்பெயரும் அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

இந்தப் பாடம் காற்றில் நடக்கவில்லை. தண்ணீர் சேமிப்பைக் கிராமத்துப் பெண்களுக்குக் கிராமத்துப் பெண்களே சொல்லித்தர வேண்டும் என்று நகரத்து அறக்கட்டளை ஒன்று ஓராண்டுக்கு நிதி கொடுத்திருந்தது. சொட்டு டீச்சரின் தலைமையில் தையற்காரி, முட்டைக் கடைக்காரி என்று ஒரு சின்னக் கூட்டம். சம்பளம் கொஞ்சம்தான். ஆனால் அடுப்படியைத் தாண்டாதவர்கள் தோளில் பையை மாட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய், நாலு பேர் முன்னால் வாய் திறந்தார்கள். அந்தச் சுகத்தை ஒருமுறை கண்டவர்கள் லேசில் விடுவார்களா?

மலையடிவாரத்து ஊர்கள் இன்னும் பாக்கி இருந்தன. அடுத்த ஆண்டும் நிதி வந்தால்தான் அங்கே போக முடியும். அது வருமா வராதா என்பது, அறக்கட்டளை மேடம் நேரில் வந்து பார்ப்பதைப் பொறுத்தது. அவர் முதலில் பார்க்க வேண்டியது தலைவியின் வீடு. சொந்த வீட்டில் செய்யாததை ஊரில் சொல்லக்கூடாது என்பது அவர்கள் கட்சி. நியாயமான கட்சிதான். வினையே அங்கேதான் இருந்தது.

டீச்சருடைய மாமனார் ஒரு காலத்தில் அந்த ஊரின் தண்ணீர்க்காரர். காலையும் மாலையும் மேல்நிலைத் தொட்டியின் வால்வைத் திறந்து, தெருக்குழாயடியில் நின்று, சண்டை வராமல் எல்லோருக்கும் தண்ணீர் விட்டவர். இப்போது அவருக்கு மறதி நோய். மகனை யாரோ பஸ் டிரைவர் என்று நினைக்கிறார் (அவன் பஸ் டிரைவர்தான், அந்த மட்டில் பழுதில்லை). மருமகளையும் அடையாளம் தெரிவதில்லை. வேலை நேரம் மட்டும் மறக்கவில்லை. இரண்டு வேளையும் கொல்லைப்புறத்துக்குப் போய்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, பக்கத்தில் விறைப்பாக நிற்பார். மூடவே மாட்டார். யாராவது மூடினால் பதறிப்போய் மறுபடி திறப்பார். அவர் களைத்து உட்காரும்வரை தண்ணீர் சாக்கடைக்குப் போகும்.

டீச்சர் குழாயின் கைப்பிடியைக் கழற்றிப் பார்த்தாள். அவர் நகத்தாலேயே திருகித் திருகி விரலைப் புண்ணாக்கிக்கொண்டார். அழுதுகொண்டே அவளே திரும்ப மாட்டினாள். வீட்டுத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை நிறுத்திப் பார்த்தாள். வறண்ட குழாயைப் பார்த்து அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஊருக்குத் தண்ணி வரலையே, நான் என்ன பதில் சொல்லுவேன்" என்று குழந்தை மாதிரி தேம்பினார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மேடம் வருகிற அன்று கணவன்தான் யோசனை சொன்னான்.

"ஒரே ஒரு நாள். அப்பாவை அக்கா வீட்டுல விட்டுட்டு வந்துடறேன். யாருக்கும் தெரியாது."

அவளும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு சரி என்றாள். சட்டை மாற்றிவிட்டாள், தலை சீவிவிட்டாள். வாசல்வரை வந்த மாமனார் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி விடற நேரத்துல எங்கம்மா அனுப்பற? ஜனங்க வந்து நிப்பாங்களே."

டீச்சர் கதவிலிருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம், விடுங்க" என்றாள் கணவனிடம். "வர்றது வரட்டும்."

வந்தது. மேடமும் வந்தார், குழுவின் பெண்களும் வந்தார்கள். பாடம் நடத்திக் காட்டுவதற்காக ஆளுக்கொரு குடத்தோடு கொல்லைப்புறத்துக்குள் நுழைந்தால், குழாய் ஹோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. மாமனார் பக்கத்தில் நின்றார். மேடத்தின் முகம் மாறியது. டீச்சர் குழாயை மூடப் போய், பாதியிலேயே நின்றுவிட்டாள்.

தையற்காரிக்குத்தான் மனசு கேட்கவில்லை. கண்ணெதிரே தண்ணீர் வீணாவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியாது. விறுவிறுவென்று போய்க் குடத்தை வைத்தாள். நிரம்பியதும் முட்டைக் கடைக்காரி வைத்தாள்.

மாமனாரின் முதுகு நிமிர்ந்தது.

"வரிசையா வாங்கம்மா. தள்ளாதீங்க. எல்லாருக்கும் உண்டு."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சத்தமில்லாமல் வரிசையில் நின்றார்கள். கடைசிக் குடமும் நிரம்பியபின், என்ன நினைத்தாரோ, மேடமும் கைப்பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். மாமனார் அதையும் நிரப்பிக் கொடுத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"வேற யாராவது இருக்கீங்களா?"

"இல்லைங்க" என்றார் மேடம்.

அவர் குனிந்து, குழாயை இறுக மூடினார். ஒரு சொட்டு விழவில்லை.

டீச்சர் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். கடைசி ஆள் வாங்கிப் போகும்வரை தண்ணீர்க்காரர் எப்படி மூடுவார்? யாருமே வராத குழாயடியில் அந்த மனிதர் இத்தனை காலம் காத்து நின்றிருக்கிறார். அவள் சாக்கடைக்குப் போன தண்ணீரைப் பார்த்தாளே தவிர, அவர் நின்றதைப் பார்க்கவில்லை.

அழுகையோடே எல்லாவற்றையும் மேடத்திடம் சொன்னாள், அக்கா வீட்டுக்கு அனுப்பி மறைக்கப் பார்த்தது உட்பட. மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற அளவுக்கு அதில் அழுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

"மலையடிவாரத்துக்கு எப்ப கிளம்பறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"பணம் வந்ததும்" என்றாள் தையற்காரி, வாய்ப்பை விடாமல்.

"வந்துடும்."

மறுநாள் காலையில், குடத்தோடு வருவதாகச் சொல்லிப் போன பெண்கள் வருவதற்கு முன்பே டீச்சர் குடத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத்துக்குப் போனாள். மாமனார் அப்போதுதான் குழாயைத் திறந்திருந்தார். முதல் ஆளாகக் குடத்தை வைத்தாள். பாதிக்கும் மேல் நிறைந்ததும் எடுக்கப் போனாள்.

"இரும்மா. உங்க வீட்டுல எத்தனை பேரு?"

"மூணு பேரு. நான், என் புருஷன், என் மாமனார்."

"மாமனார் இருக்காரா?" அவர் குடத்தை மறுபடி குழாய்க்கடியில் தள்ளிவைத்தார். "அப்ப ரொப்பிக்க. வயசானவருக்கு அடிக்கடி தாகம் எடுக்கும். பாத்துக்கம்மா அவரை."