குச்சவெளியில் ஒரு தயிர்ச்சட்டி

காலை ஆறரைக்குத் திருகோணமலையில் குச்சவெளி பஸ் ஏறினேன். இருபத்தொரு மைல், பதினெட்டு ரூபாய். சண்டைக்கு முன் ஒரு மணித்தியால ஓட்டம். இப்போது நான்கு சோதனைச் சாவடிகளில் இறங்கி, அடையாள அட்டையை உயர்த்திப் பிடித்து நடக்க வேண்டும். காசும் கொடுத்து நடந்தேன் என்பதே சரி. போய்ச் சேர்ந்தபோது பத்தேகால்.

பழைய மட்பாண்டங்களைப் பற்றிப் பத்திரிகையில் இரண்டு கட்டுரை எழுதிய குற்றத்துக்காக என்னை வரவழைத்தவர் பரமேஸ்வரி. வெங்காயம் போடும் அரை ஏக்கர்தான் அவருக்குப் பிழைப்பு. அதில் ஷெல்லுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டும்போது ஒரு கிண்ணம் வந்திருக்கிறது. அது என்னவென்று அறிந்த ஆள் ஒருவரிடம் கடிதம் வாங்கி வரும்படி ஊர் அதிகாரியான விதானையார் சொல்லியிருக்கிறார். அறிந்த ஆளுக்கு அவ்வளவு பஞ்சம்.

கதிரையில் இருத்திக் கிண்ணத்தைத் தந்தார். உள்ளும் விளிம்பும் கறுப்பு, வெளியே சிவப்பு. கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்றுப் படாத பக்கம் கறுத்திருந்தது. உள்ளே, சக்கரத்தில் வனைந்தவரின் விரல்வரிகள். கூழாங்கல்லால் தேய்த்த மினுக்கம்கூடப் போகவில்லை. மண்வெட்டி பட்ட இடத்தில் மட்டும் விளிம்பு சிதறியிருந்தது. வெளிப்பக்கத்தில், சுட்ட பிறகு கீறிய மீன்போன்ற ஒரு குறி. இருபது வருடமாகப் படத்தில் பார்த்து ஏங்கிய சாமான்.

"பழசோ, மாஸ்டர்?"

"இரண்டாயிரம் வருசம் வரும், தங்கச்சி."

அவர் முகம் செத்துப்போனது.

"அங்காலைக் காணியிலை பழஞ்செங்கல் வந்ததெண்டு தொல்பொருள் இலாகா ஆக்கள் கம்பி அடிச்சு, போர்ட் நட்டவை. அந்தச் சனம் இப்ப பள்ளிக்கூடத்திலை அகதி. எனக்கு இதைவிட்டால் வேறை மண் இல்லை. புதுசெண்டு எழுதித் தாங்கோவன்."

"பொய் எழுத ஏலாது."

"அப்ப பேப்பரிலை எழுதினதெல்லாம் உண்மையோ?"

பேனையை எடுத்தேன். 'அண்மைக்காலத் தயிர்ச்சட்டி. பழமை எதுவும் இல்லை.' கையெழுத்தும் வைத்தேன். ஒரு பழம்பாண்டத்தை நேரில் தொட்டு நான் எழுதிய முதல் ஆய்வு அது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் இங்கே ஒருத்தி உலை வைத்தாள் என்று நிரூபித்தால், இன்று உலை வைப்பவள் எழும்பிப் போகவேண்டும். சரித்திரம் எங்கள் பக்கம் இருப்பதில் இப்படியும் ஒரு வசதி.

கடிதத்தை இரண்டு தரம் வாசித்த பரமேஸ்வரி, குசினிக்குள் போய்ப் பாலும் உறைமோரும் கொண்டு வந்தார்.

"தயிர்ச்சட்டியெண்டால் தயிர் இருக்கவேணும். நாளைக்கு மேலிடத்து ஆக்கள் பார்க்க வருவினம். ஆட்டாமல் பிடியுங்கோ."

பிடித்தேன்.

இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினேன். நிலாவெளிக்கு இப்பால், சோதனையில் நின்ற சிப்பாய் எதற்குப் போனாய் என்று கேட்டான்.

"தயிருக்கு."

வெறும் பையைக் கவிழ்த்துப் பார்த்தான். "எங்க தயிர்?"

"இன்னும் உறையேல்லை, சேர்."