சந்திக்கக் கூடாத இருவரும் ஒரு பலகாரப் பெட்டியும்

ஆட்களைச் சேர்த்து வைக்கிறவருக்குக் கலியாணத் தரகர் என்று ஒரு பெயராவது இருக்கிறது. பிரித்து வைக்கிற என் வேலைக்குத் தமிழில் பெயரே இல்லை. டென்மார்க்கில், யூட்லாந்துப் பக்கம், ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் அலுவலகத்தில் இருக்கிறேன். ஒரு மாணவரால் தொல்லை என்று இன்னொருவர் முறையிட்டால், இருவரும் தொடர்புகொள்ளக் கூடாது என்று உத்தரவு எழுதுவது என் பொறுப்பு. இரண்டு சொந்தக்காரருக்கு நடுவில் அகப்பட்டு முழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஆகவே சிரிப்பதானால் கொஞ்சம் மெதுவாகச் சிரியுங்கள்.

தண்டனை இல்லை

அபிரா ஹொல்ஸ்டெப்ரோ என்ற ஊரில் எங்கள் தெருவில் வளர்ந்த பிள்ளை. கடைசி வருடம் படிக்கிறாள். அதே ஊர் நிரோஜனோடு பழகி, பிறகு விலகிவிட்டாள். அவன் விலகவில்லை. வகுப்பு வாசலில் வந்து நிற்பான். ஓயாமல் செய்தி அனுப்புவான். இப்படியே போனால் படிப்பை விட்டுவிடுவேன் என்று என்னிடம் டெனிஷில் சொன்னாள். வீட்டுக்குத் தெரியக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டாள்.

நிரோஜனைக் கூப்பிட்டு விளக்கினேன். இந்த உத்தரவு தண்டனை இல்லை, யார் பிழை என்ற தீர்ப்பும் இல்லை. இருவருக்கும் பொருந்தும். பேசக் கூடாது, எழுதக் கூடாது, மூன்றாம் ஆள் மூலம் சொல்லி அனுப்பவும் கூடாது. மீறினால்தான் ஒழுங்கு நடவடிக்கை. நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு எழும்பும்போது கேட்டான்: "ஓம் மாமா, விளங்குது. நான் சம்மதிச்சிட்டன் எண்டு அவளிட்டச் சொல்லிவிடுவீங்கள்தானே?"

பங்கு பிரிப்பு

இருவரும் ஒரே படிப்புக் குழு. வேறு குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தது, அபிராவை அங்கே போட்டேன். நூலகத்தில் அவனுக்கு மேல்மாடி, அவளுக்குக் கீழ்மாடி. வெள்ளிக்கிழமை மாணவர் பாருக்கு ஒரு வாரம் அவன், மறுவாரம் அவள். காணி பிரித்துக் கொடுத்த ஊர் விதானையார் மாதிரிப் பெருமையோடு அவளிடம் காட்டினேன். அவள் வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "முறைப்பாடு தந்தது நான். பிறகு ஏன் நான் இடம் மாற வேண்டும்?"

எங்கட ஆள்

கடைசியில் நிரோஜனைத்தான் குழு மாற்றினோம். உடனே அவனுடைய அம்மா என் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். பெட்டையோடு ஒருக்காக் கதைத்துச் சமாதானமாக்கிவிட வேண்டுமாம். இதைப் பற்றி யாரிடமும் கதைக்க எனக்கு அனுமதி இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கோ, சொந்தச் சனத்துக்குக் கதவடைத்தவன் போலக் கூச்சமாக இருந்தது. "தம்பி, எங்கட பிள்ளையளுக்கு உதவாட்டி உங்களை ஏன் அங்க வச்சிருக்கிறாங்கள்?"

பெட்டி

பொங்கலுக்கு அந்த அம்மா நேரே வாசலுக்கு வந்துவிட்டார். கையில் இரண்டு பெட்டி பயித்தம் பணியாரம். ஒன்று எங்களுக்கு, மற்றது அபிரா வீட்டுக்கு. அவர்கள் வீடு நாலு வீடு தள்ளித்தானே, குடுத்துவிடுங்கோ என்றார். உத்தரவில் பிள்ளைகளின் பெயர்தான் இருக்கிறது, தாய்மாரின் பெயர் இல்லையே என்று எனக்கு நானே சட்டம் சொல்லிக்கொண்டு வாங்கி, அங்கே கொடுத்தும் விட்டேன். உண்மை என்னவென்றால், பலகாரத்தோடு வாசலில் நிற்கிற ஒருவரைத் திருப்பி அனுப்ப எனக்குத் துணிவில்லை.

அபிராவின் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. நம்மவர்கள் யாராவது வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பார்களா? மறுநாள் அது நிறைய ரோல்ஸ் பொரித்து என்னிடமே தந்தார். அதையும் நிரோஜன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெண் வீட்டார் மனம் மாறிவிட்டார்கள் என்று தாயும் மகனும் முடிவுகட்டிவிட்டார்கள். ரோல்ஸ் நல்லாயிருந்தது என்று சொல்ல நிரோஜன் அவள் வகுப்பு வாசலில் போய் நின்றான். அவள் அந்த வாரம் முழுக்கப் படிக்க வரவில்லை.

அதைப் பற்றி அலுவலகத்தில் நடந்த விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னேன். என் மேலதிகாரி கிர்ஸ்டன் சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "மூன்றாம் ஆள் கூடாது என்ற வரியை எழுதியது நீதானே?"

அபிரா கேட்டது

நிரோஜனுக்கு எழுத்தில் எச்சரிக்கை போனது. அபிரா என் அறைக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்டேன், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மேசையைப் பார்த்துத்தான் கேட்டேன். அதுவரை அவள் என்னோடு டெனிஷில்தான் பேசியிருக்கிறாள். அந்த மொழியில் நான் அவளுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஓர் அலுவலர், அவ்வளவுதான். அன்றைக்கு முதல்முறையாகத் தமிழில் கேட்டாள்: "மாமா, அந்த உத்தரவில உங்கட பேரையும் சேர்க்க ஏலுமோ?"

இப்போது அவளுடைய விஷயத்தைக் கிர்ஸ்டன் பார்க்கிறாள், அபிரா படிப்பை விடவில்லை, நான் நூலகத்தின் கீழ்மாடிப் பக்கமே போவதில்லை. என் காலத்தில் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுகிற ஒரே உத்தரவு, என்னை அவளிடமிருந்து விலக்கி வைக்கிற, நான் எழுதாத அதுதான்.