ஐஸுக்குப் போர்த்திய கம்பளி

மற்ற வியாபாரிகளுக்குச் சரக்கு விற்காவிட்டால் கடையில் கிடக்கும். ஐஸ் வியாபாரிக்குக் காலடியில் ஓடும். சுதந்திரம் வந்த புதிதில் சங்கரன்கோவிலில் நான் அந்தத் தொழில் பார்த்தேன். மதுரையில் வாங்கிய ஐஸ் பாளம், மரத்தூள், சாக்கு, அதன்மேல் கம்பளி என்று பொதிந்து மத்தியான ரயிலில் வந்திறங்கும். அது ஐஸாக இருக்கும்வரைதான் எனக்குச் சோறு. பூவும் மீனும் விற்றுப் புலம்பிய அன்பர்களே, உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

போர்ட்டரின் இரக்கம்

சித்திரை மாதம். ஸ்டேஷனுக்குப் போகக் கால்மணி நேரம் பிந்திவிட்டேன். புதிதாக வந்திருந்த போர்ட்டர் என் மூட்டையைப் பிரித்து, பாளத்தை வெளியே எடுத்து வைத்து, துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். பிளாட்பாரம் நெடுகத் தண்ணீர். ஓடிப்போய் அந்தத் துண்டைப் பிடுங்கினேன். அவரோ நல்ல காரியம் செய்த முகத்தோடு சொன்னார்: "உள்ள புழுங்கி வேத்து ஊத்துது அண்ணாச்சி. பாவமா இருந்துச்சு, அதான் கம்பளியை எடுத்துக் காத்தாட விட்டேன்."

கம்பளிக்காரர்

அந்த வாரமே சந்தைக்கு இன்னொரு கம்பளி வாங்கப் போனேன். குருவிகுளம் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவர், உச்சி வெயிலில் தானும் கம்பளி போர்த்திக்கொண்டு விற்றார். எதற்கென்று கேட்டார். ஐஸுக்கு என்றேன். கம்பளி சூடு தரும் என்பது ஊரில் படித்தவர்கள் கட்சி. அதற்கு ஏது சொந்தச் சூடு? உள்ளதை வெளியே விடாது, வெளியிலுள்ளதை உள்ளே விடாது, அவ்வளவுதான். இதை விளக்க நான் வாயெடுத்ததும் அவர் கையமர்த்தினார்: "எனக்கா சொல்லுதீரு? இந்தச் சூடு மேல ஏறாம இருக்கத்தான நானும் போத்தியிருக்கேன்!"

அண்டாவின் பெருமை

ஒரு மிராசுதார் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஐஸ் போட்ட சர்பத் என்று நாலு ஊருக்குச் சொல்லியிருந்தார். உமி நிரப்பிய மரப்பெட்டியில் கொண்டுபோனேன். பந்தலில் மரப்பெட்டியா என்று முகம் சுளித்து, பளபளவென்று தேய்த்த செம்பு அண்டாவுக்கு மாற்றச் சொன்னார். வேண்டாம் என்றேன். என் கையைப் பிடித்து அண்டாவில் ஒருமுறை, பெட்டியில் ஒருமுறை வைத்து, எது குளிர்ச்சி என்று கேட்டார். அண்டாதான் ஜில்லென்றிருந்தது. தொட்ட கையின் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்வதால்தான் அந்த ஜில் என்று அவரிடம் யார் சொல்வது?

ஐஸ் அண்டாவுக்கு மாறியது. மாப்பிள்ளை வீட்டார் வரத் தாமதமாயிற்று. அதற்குள் பந்தல் சூட்டையெல்லாம் அண்டா இழுத்து உள்ளே அனுப்பிவிட்டது. சமையலுக்கு வந்த தவசிப்பிள்ளை மூடியைத் திறந்து, கரண்டியால் துழாவிப் பார்த்து, பந்தலுக்கே கேட்கும்படி சொன்னார்: "அண்டா நல்லாக் குளுந்து கெடக்கு மொதலாளி, ஐஸைத்தான் காணோம்!"

உருகட்டும்

ரிஜிஸ்டர் ஆபீஸ் குமாஸ்தாவின் மனைவிக்கு டைபாய்டு. காய்ச்சல் நூற்று நாலு. புருஷனைக்கூட அடையாளம் தெரியாமல் பிதற்றினாள். தலையில் ஐஸ் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். அன்று பார்த்து ரயில் இரண்டு மணி நேரம் லேட். மூட்டையைப் பிரித்தால் தேங்காய் அளவுதான் மிச்சம். சாக்கோடு சுருட்டிக்கொண்டு ஓடினேன். வாழ்க்கையில் அப்படிப் பயந்து நான் ஓடியதில்லை.

உடைத்து ரப்பர் பையில் போட்டுத் தலையில் வைத்தார்கள். கண்ணெதிரே அது கரைவது எனக்குப் பொறுக்கவில்லை. பழக்கதோஷம், சாக்கைப் போட்டு மூடப் போனேன். டாக்டர் கையைத் தட்டிவிட்டார். "அந்த அம்மா சூட்டை வாங்கிக்கிட்டுத்தானவே அது உருகுது? உருகட்டும்" என்றார். பொழுது சாயும்போது காய்ச்சல் இரண்டு டிகிரி இறங்கியிருந்தது. கண் விழித்தவள் புருஷனைப் பார்த்துச் சாப்பிட்டாச்சா என்று கேட்டாளாம். வாசலில் நின்ற என்னிடம் குமாஸ்தா ஓடிவந்து, வெறும் தண்ணீர்ப் பையை ஆட்டிக் காட்டினார்: "எல்லாம் கரைஞ்சிட்டு அண்ணாச்சி, எல்லாம் கரைஞ்சிட்டு!"

சரக்கு முழுவதும் தண்ணீராய்ப் போன சேதியை ஒருவர் பல்லெல்லாம் தெரியச் சொல்லி, நானும் கூடச் சேர்ந்து சிரித்தது என் வியாபாரத்தில் அந்த ஒரு நாள்தான்.