வாத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு

கார்ட்டூன் தொழிலில் சிரிக்க வைப்பவர்கள் ஒரு பக்கம், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பவர்கள் ஒரு பக்கம். நான் கடிகாரத்தைப் பார்ப்பவள்.

தஞ்சாவூரில் ஒரு மெடிக்கல் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஸ்டுடியோ. டெல்டா விவசாயக் குடும்பம் ஒன்றின் கூத்துகளைக் கார்ட்டூன் காமெடியாக்கி டிவிக்குக் கொடுக்கிறோம். ஒரு காட்சியில் நாலு மணி காட்டிய கடிகாரம் அடுத்த காட்சியில் பத்து மணி காட்டாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அதற்கு முன் கல்லூரியில் கணக்கு நடத்தினேன். சேர ஆளில்லை என்று துறையையே மூடிவிட்டார்கள். பழகிய கை சும்மா இருக்குமா? படத்தின் பின்னணியில் வரும் எண்களில் ரகசியமாகக் கணக்கை ஒளித்து வைக்க ஆரம்பித்தேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளை எழுதுகிறவர்களே, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதுகிறவர்களே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

டிராக்டர் நம்பர்

கதாநாயகரின் டிராக்டருக்கு 6174 என்று நம்பர் கொடுத்தேன். நாலு இலக்க எண் எதையாவது எடுங்கள். நாலும் ஒரே இலக்கமாக மட்டும் இருக்கக் கூடாது. அந்த இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக ஒரு தடவை, சிறிதிலிருந்து பெரிதாக ஒரு தடவை எழுதிக் கழியுங்கள். வருகிற விடையையும் அப்படியே செய்துகொண்டு போனால், கடைசியில் 6174-இல் வந்து நிற்கும். எங்கே சுற்றினாலும் சாயங்காலம் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிற டிராக்டருக்கு வேறென்ன நம்பர் வைப்பது? எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதலாளி நம்பரைப் பார்த்தார், விரல் விட்டுக் கூட்டினார், முகம் மலர்ந்துவிட்டது.

"கூட்டுனா ஒன்பது வருது மிஸ், அருமையான நம்பர். எந்த ஜோசியர்கிட்ட வாங்குனீங்க?"

நடவு

எங்களுக்கு வயல் வரைந்து கொடுப்பவர் செல்வி. திருவையாற்றுப் பக்கத்துக்காரர், லீவு போட்டுவிட்டு நடவுக்கு இறங்குகிறவர். ஒரு வரிசையில் இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது, பதினோராவது என்று பகா எண் வரும் இடங்களில் மட்டும் நாற்று நிற்கும்படி படம் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் திரையில் பார்த்தால் வயல் முழுக்க நாற்று சீராக நிறைந்து நிற்கிறது. சண்டைக்குப் போனேன். வரைவதை நிறுத்தாமலே சொன்னார்:

"இவ்வளவு இடம் விட்டு நட்டா நெல்லு வராது மிஸ், கோரைப்புல்லுதான் வரும்."

ஒரு சென்ட்

எங்கள் பக்கம் மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர் என்பார்கள். ஒரு மா முப்பத்து மூன்று சென்ட், ஏக்கர் நூறு சென்ட். கூட்டிப் பாருங்கள், ஒரு சென்ட் உதைக்கும். நூறை மூன்றால் வகுத்தால் முடியவே முடியாது என்பதுதான் இதில் சங்கதி. பாகப்பிரிவினை எபிசோடில் ஒரு ஏக்கரை அண்ணன் தம்பி மூவருக்கும் ஆளுக்கு ஒரு மா பிரித்து வரப்பு போட வைத்தேன். மிஞ்சிய ஒரு சென்டில் ஒரு வாத்தை நிறுத்தினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

எபிசோட் டிவியில் வந்த மறுநாள் காலையே ஆபீஸுக்குப் போன் வந்தது. திருத்துறைப்பூண்டி விவசாயி ஒருவர், அளந்த சர்வேயரை மாற்றுங்கள் என்று அரைமணி நேரம் பேசினார். என் காரியம் முதலாளிக்குத் தெரிந்தது அப்போதுதான். இந்தத் தொடர் முடிவதற்குள் ஒரே ஒரு நேயராவது தானாகக் கணக்கைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கணக்கை மூட்டை கட்டிவிட்டுக் கடிகாரத்தை மட்டும் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். விவசாயி கண்டுபிடித்தாரே என்றேன். அது புகார், செல்லாது என்றார். கல்லூரியில் ஒரு தடவை கணக்கைப் பறிகொடுத்தவள் நான், இன்னொரு தடவை தாங்காது. இத்தனைக்கும் காரணமான விவசாயி போனை வைக்கும் முன் கேட்டது இது:

"அதெல்லாம் இருக்கட்டுங்க, வாத்து நிக்குதே அந்த ஒரு சென்ட், அது யார் பேர்ல பட்டா?"

முத்துப்பேட்டை போன்

கடைசி எபிசோடுக்கு மூன்று நாள்தான் இருந்தது. போன் அடித்தது. முதலாளி எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். முத்துப்பேட்டையிலிருந்து ஜமீலா. வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறாராம். நாலு வயது மகளுக்கு எங்கள் கார்ட்டூன் ஓடினால்தான் சோறு இறங்குமாம். அதனால் ஒவ்வொரு எபிசோடையும் மொபைலில் நாற்பது தடவையாவது பார்த்திருக்கிறார். பள்ளிக்கூடச் சுவரில் ஒன்பது கட்டம் போட்டு எண்கள் எழுதியிருக்கிறீர்களே, எந்தப் பக்கம் கூட்டினாலும் பதினைந்து வருகிறது, வலது கீழ் மூலை வழியாகக் கூட்டினால் மட்டும் பதினான்கு வருகிறது, அங்கே ஒன்றுக்குப் பதிலாக இரண்டு இருக்க வேண்டும் என்றார்.

நான் ஒளித்து வைத்த கட்டம்தான், ஓடிப்போய்ப் பார்த்தேன். தப்புதான். ஊரார் கடிகாரத்தில் தப்புக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் செய்த தப்பு. வெட்கமாக இருந்தது, சந்தோஷத்தில் கண்ணும் நிறைந்துவிட்டது. முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். இதுவும் புகார்தானேம்மா என்று போனில் கேட்டார்.

"புகார் இல்ல சார். நான் பி.எஸ்சி. கணக்கு படிச்சவ. கல்யாணமாகி ஏழு வருஷத்துல யாரும் என்கிட்ட ஒரு கணக்கு கேக்கல, உங்க சுவருதான் கேட்டுச்சு. டிராக்டர் நம்பரையும் போட்டுப் பாத்துட்டேன், அது சரியா வருது."

அடுத்த தொடருக்கு முதலாளி எனக்கு இன்னும் பெரிய சுவராகவே கொடுத்திருக்கிறார். ஆக, ஒரு வருஷமாகச் சரியாகப் போட்ட கணக்கெல்லாம் காப்பாற்றாத என்னை, தப்பாகப் போட்ட ஒன்று காப்பாற்றிவிட்டது.