கோப்பி ஊற்றியவர்

நோர்வேயிலிருந்து மொன்றியலுக்குத் தங்கையைப் பார்க்க வந்திருந்த அவர், எங்கள் தமிழ்ப் பந்தடிக் கிளப்பை மூடுவதற்காகக் கூடிய கூட்டத்துக்கும் பிளாஸ்க்கோடுதான் வந்தார். மேலே அவருடைய நோர்வே ஊர்க் கிளப்பின் நிறம் மங்கிய ஜாக்கெட். கேட்காமலே எல்லோருக்கும் கோப்பி ஊற்றினார்.

“பனி கொட்டத் தொடங்கினால் ஆக்கள் கலைஞ்சு போயிடுவினம், அண்ணை,” என்றேன்.

“அங்கை எங்கடை கிளப் தொடங்கினதே பனிச்சறுக்குக்குத்தான். பந்து பேந்துதான் வந்தது. குளிர் வந்தால் பந்தடிக்கிற ஆக்களே சறுக்குவினம். ஒருத்தரும் கிளப்பை மூடுறேல்லை.”

“நீங்கள் என்ன விளையாடினீங்கள்?”

“ஒண்டும் விளையாடேல்லை. கரையிலை நிண்டு கோப்பி ஊத்துறதுதான் என்ரை வேலை.”

அவர் நோர்வேக்குத் திரும்பிப் போய்விட்டார். கிளப்பை நாங்கள் மூடவில்லை. சனிக்கிழமைகளில் பியர்பொன்ட்ஸ் பூங்காப் பனியில் எங்கள் கோல்கீப்பர் சறுக்குக் கட்டைகளோடு விழுந்து எழும்புகிறார். கரையில் பிளாஸ்க்கோடு நிற்பது நான்.