தாத்தாவின் உயரம்

ஆடி அமாவாசைப் படையலுக்குக் குருவிநத்தத்து வீட்டில் இறந்தவர்கள் எல்லோருடைய படத்தையும் சுவரோரம் சாய்த்து வைப்போம், தாத்தாவுடையதைத் தவிர. பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, சேர்ந்து சைகோனுக்குக் கப்பலேறியவர் அங்கேயே இறந்துபோனார். அப்போது அத்தை சிறு குழந்தை. அப்பா பிறக்கவே இல்லை. இப்போது அப்பாவும் படமாகிவிட்டார். தன் காலத்துக்குள் தாத்தாவின் முகத்தையும் அந்த வரிசையில் பார்த்துவிட வேண்டும் என்று அத்தைக்கு ஆசை.

பழைய குடிக்கணக்குப் பதிவேட்டில் தாத்தாவின் குடும்பத்தைக் கண்டுபிடித்தேன்: கணவன், மனைவி, ஒரு பெண் குழந்தை. அதை வைத்துக்கொண்டு அவருடைய ராணுவப் பதிவுக்காகப் பிரான்சுக்கு எழுதினேன். பல மாதம் கழித்து மின்னஞ்சலில் ஒரே ஒரு பக்கம் வந்தது. படம் இல்லை. அங்க அடையாளம் மட்டும் இருந்தது. கறுப்புக் கண்கள். இடது புருவத்தில் தழும்பு. மீட்டரில் எழுதியிருந்த உயரம், நம் கணக்கில் ஐந்தடி இரண்டு அங்குலம்.

உயரத்தைச் சொல்லத் தயங்கினேன். அத்தையிடம் மிச்சமிருந்தது ஒரு நினைவுதான்: தன் அப்பாவின் தோளில் உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். அவரை ஆறடி ஆள் என்றே எங்களுக்குச் சொல்லி வந்தவர்.

சொன்னதும் அத்தை மகன் டேப்பை இழுத்து, கூடத்துச் சுவரில் பென்சிலால் கோடு போட்டான்.

"யம்மா, ஒங்கப்பா என் தோளுக்குத்தான் வராரு. இவரா ஆறடி?"

"போடா. அப்ப கூரை வூடு. குனிஞ்சிதான் உள்ளயே போவணும். வூடு குட்டைன்னா அவரு இன்னா பண்ணுவாரு?"

எழுந்து கோட்டின் முன்னால் போய் நின்றார். கோடு அவருடைய நெற்றிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

"தழும்பு எந்தப் பக்கம்னு சொன்ன?"

"இடது புருவம் அத்தே."

கோட்டுக்குக் கீழே இடப்பக்கமாக விரலை வைத்தார். ஏதோ யோசித்தவர் விரலை வலப்பக்கம் நகர்த்தினார்.

"எதுத்தாப்புல இல்ல நிக்கிறாரு" என்றார். விரல் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

அமாவாசையன்று படங்களை வழக்கமான இடத்தில் வைத்தோம். அத்தை வந்து என் அப்பாவின் படத்தை மட்டும் எடுத்துப் போய், பென்சில் கோட்டுக்கு நேர் கீழே சுவரில் சாய்த்தார்.

"நானாச்சும் தோள்ல ஒக்காந்துட்டேன். தம்பி அவர பாத்ததே இல்ல. இங்கியே இருக்கட்டும்."

இலையையும் அங்கேயே போடச் சொன்னார்.